ஒத்திகை மணி

இதை எனக்கு முதலில் சொன்னது ஸ்கொலாஸ்டிகா மதினி. போன சாம்பல் புதனன்று, பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு நாங்கள் இரண்டு பேரும் பேருந்துக்கு நின்றபோது சொன்னாள். சாம்பல் பூசிய நாளில் இப்படிச் சிரிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இரண்டு பேருந்தை விட்டுவிட்டோம். மதினி புன்னைத்துறை புனித மார்த்தா பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். நடந்ததை அடுப்படி ஜன்னல் வழியாகக் கண்ணால் பார்த்தவள். பார்க்க முடியாததை, அதாவது அமலோற்பவத்தின் மனசுக்குள் ஓடியதை, அமலோற்பவமே ஒரு வாரம் விடாமல் அவளிடம் சொல்லித் தீர்த்திருக்கிறாள். சொல்கிறபோது நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருப்பேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பள்ளியின் பின்வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் பள்ளி ஆயா அமலோற்பவம், முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்ப்பதும் மறுபடி முடிவதுமாக. சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை காலையில் தலைமை ஆசிரியை சிஸ்டர் எமிலியானா கூப்பிட்டு, அமலி, வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தீ ஒத்திகை, நம்ம பள்ளி மணிய அடிச்சா பிள்ளைங்க இடைவேளைன்னு நினைச்சுரும், அதனால கோவில் மணிய அடிக்கப் போறோம், உப்பளத் தெருவுல எல்லாம் உங்க ஆளுங்கதான, மணி கேட்டா பயப்படாதீங்கன்னு நாலு வீட்டுல சொல்லிருங்க என்றார்கள். சரி சிஸ்டர் என்றாள். அந்தச் சரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது, ஒரு கண்சிமிட்டல். அதற்கப்புறம் திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, நேற்று புதன் சாயங்காலம் தெருக்குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, இதோ இப்போது சொல்லிவிடுவேன், இந்தக் குடம் நிறைந்ததும் சொல்லிவிடுவேன் என்று நின்றாள். குடம் நிறைந்தது, வழிந்தது, காலை நனைத்தது, பேச்சு வரவில்லை. ஏனென்றால் உப்பளத் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்வதென்றால் முதல் வீடு ஜைனம்பு வீடு. ஜைனம்பு அவளோடு பேசி பதினெட்டு நாள் ஆகிறது. பதினெட்டா, பத்தொன்பதா, போர்டு மாட்டிய நாளையும் சேர்த்தால் பத்தொன்பது. சேர்க்க வேண்டாம், அன்றைக்கு மத்தியானம் பேசினாள்தானே, பேசியதுதானே வினை. மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஏழெட்டில் தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓரேழிலிருந்து வந்தார்கள். தன் மனசும் அப்படித்தான் போர்டு வரைக்கும் வந்து விழுகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

போர்டு நீலநிறம். எழுத்து வெள்ளை. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. ஆயர் இல்லத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் வந்த சுற்றறிக்கைப்படி எழுதி மாட்டியது. ஒரே வாசல், வருகிறவர்களுக்குப் பதிவேடு, கழுத்தில் அட்டை, பிள்ளையைக் கூட்டிப் போகிறவர் முகம் போட்டோவில் உள்ள முகம்தானா என்று பார்த்து அனுப்புவது. சிஸ்டர் எல்லாரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டியபோது அமலோற்பவம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பயத்தில் ஆட்டவில்லை, மனசறிந்துதான் ஆட்டினாள். அவளைவிட யாருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே பின்வாசலில், அவளுடைய மூத்தவள் பிரிசில்லா ஒண்ணாம் வகுப்பு படிக்கையில், பள்ளி விட்டு வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. சித்தப்பான்னு ஒருத்தர் வந்தாரு, பிள்ளையும் சிரிச்சுக்கிட்டே போச்சு என்றார்கள். எந்தச் சித்தப்பா. இருக்கிற ஒரே கொழுந்தன் கப்பலில் அல்லவா இருக்கிறான். ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் கோவிலுக்கும் கடற்கரைக்கும் மீன் சந்தைக்கும் செருப்பில்லாமல் ஓடினாள், மாதாவை வேண்டினாள், மாதாவோடு சண்டை போட்டாள், அப்புறம் மன்னிப்புக் கேட்டாள். கடைசியில் கொழுந்தன்தான், மூன்று வருஷம் கழித்துக் கப்பல் இறங்கி, அண்ணன் பெண்ணுக்கு மஸ்கோத் அல்வா வாங்கிக் கொடுத்து, பிள்ளை வாயெல்லாம் எண்ணெயாக, தோளில் தூக்கிக்கொண்டு வருகிறான். சிரித்துக்கொண்டே வருகிறான். ஒன்றும் நடக்கவில்லை. பிரிசில்லா இப்போது எர்ணாகுளத்தில் நர்ஸ், அவளுக்கு அது ஞாபகமே இல்லை, அல்வா மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். ஆனால் அந்த ஒரு மணி நேரம் அமலோற்பவத்தின் உள்ளங்காலில் இன்னமும் இருக்கிறது; யாராவது ஒரு பிள்ளை கேட்டில் ஐந்து நிமிடம் பிந்தி நின்றால் உள்ளங்கால் சுடும். அதனால் சட்டம் நல்ல சட்டம். அதில் அவளுக்கு ரெண்டு மனசு இல்லை.

ரெண்டு மனசு ஜைனம்பு விஷயத்தில். ஜைனம்பு உப்பளத் தெருவில் முதல் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். பள்ளிச் சீருடை பாதி அவள் கைத் தையல். தினம் பன்னிரண்டரைக்குப் பின்வாசல் வழியாகத் தூக்குவாளியோடு வருவாள், இருவரும் இந்த வேப்பமரத்தடியில் சாப்பிடுவார்கள், வெள்ளிக்கிழமை மட்டும் தொழுகை முடிந்து ரெண்டு மணிக்கு வருவாள், அதுவரைக்கும் அமலோற்பவம் பசியோடு காத்திருப்பாள். தவக்கால வெள்ளியில் இவள் கறி சாப்பிட மாட்டாள் என்று அவளும் கறி கொண்டுவர மாட்டாள், நோன்பு மாதத்தில் அவள் எதிரில் இவள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். இதெல்லாம் யாரும் சுற்றறிக்கை அனுப்பிச் செய்ததில்லை. அன்றைக்குப் போர்டு மாட்டிய ஆணி இன்னும் சூடு ஆறவில்லை, தூக்குவாளியோடு வந்து நிற்கிறாள். வரலாம் என்று சொல்ல முடியாது, வராதே என்று சொல்ல வாய் வரவில்லை, அமலோற்பவம் என்ன செய்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலை நீட்டிப் போர்டைக் காட்டினாள். அதுதான் தப்பு. வாயால் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். ஜைனம்பு போர்டை எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு, "நான் வெளியாளாட்டி?" என்றாள். அவ்வளவுதான். தூக்குவாளி அசைய அசைய, திரும்பிப் பார்க்காமல் போனாள். அந்தக் கேள்விக்கு அமலோற்பவம் பதினெட்டு நாளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், பாத்திரம் தேய்க்கும்போது, செபமாலை உருட்டும்போது, ஆறாம் மணியில் பாதி அருள் நிறை மந்திரத்தில். இல்ல ஜைனம்பு, சட்டம் அப்படி ஜைனம்பு, முன்வாசல் வழியா வந்து கையெழுத்துப் போட்டா வரலாம் ஜைனம்பு. எல்லாம் சரியான பதில்தான். ஆனாலும் எந்தப் பதிலுக்கும் மனசுக்குள் இருக்கிற ஜைனம்பு திரும்பிப் பார்க்கவில்லை. தெருவும் அவள் பக்கம். பின்னே, பள்ளி மைதானத்தைக் குறுக்கே கடந்தால் பஸ் ஸ்டாண்டு நாலு நிமிடம், கேட்டைப் பூட்டியதும் மீன் சந்தையைச் சுற்றி இருபது நிமிடம். பூட்டுக்கே இந்தக் கோபம் என்றால், இன்றைக்கு மத்தியானம் கொத்தனார் வருகிறார். கேட்டுக்கு வெளியே ஹாலோ பிளாக் கல் அடுக்கி ஒரு வாரம் ஆகிறது. ஆயர் இல்லத்திலிருந்து வந்திருக்கிற சூசைமாணிக்கம் சாமி ஒத்திகையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதும், கேட்டைப் பெயர்த்துவிட்டுச் சுவர். நேற்றுக் குழாயடியில் ஜைனம்பு அவளைப் பார்க்காமல், குடத்தைப் பார்த்துச் சொன்னாள்: "சொவரு வச்சுட்டா நல்லதுதான். அப்பறம் அந்தப் பக்கம் யாரு, இந்தப் பக்கம் யாரு." குடத்திடம் சொன்னது குடத்துக்கா கேட்டிருக்கும். இரவெல்லாம் அமலோற்பவத்துக்குத்தான் கேட்டது. மாதாவே, கொத்தனாருக்கு ஒரு சின்னக் காய்ச்சல், சும்மா ரெண்டு நாளைக்கு, என்று வேண்டப் போய், அடுத்தவன் உடம்புக்குக் கேடு வேண்டுவது பாவம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பதினொன்று. கோவில் மணி அடிக்கிற உபதேசியார் லூக்காஸ் மணிக்கூண்டுக்குள் போவது தெரிந்தது. சாமி மைதானத்து நடுவில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரம் பார்க்கத் தயாராக நிற்கிறார், பக்கத்தில் சிஸ்டர் எமிலியானா. மணி கேட்டதும் பிள்ளைகள் ரெண்டு வரிசையாக மூன்று நிமிடத்துக்குள் மைதானத்துக்கு வர வேண்டும், புத்தகப் பையைத் தொடக் கூடாது, பேசக் கூடாது. நாலு நாளாகப் பழக்கியிருக்கிறார்கள், விசிலை ஊதி. நிஜ மணியோடு இன்றைக்குத்தான். நிஜ மணி. டங். டங். டங். நின்றது. மறுபடி மூன்று. நின்றது. அமலோற்பவத்தின் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது, சிலுவை போட்டு முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள், உதடு பாதிச் செபத்தில் இருக்கிறது, அப்புறம்தான் உறைத்தது. ஐயோ லூக்காஸ் அண்ணாச்சி. மூணு மூணா அடிக்கக் கூடாது, விடாம அடிக்கணும். நாற்பது வருஷமாக மூவேளைச் செபத்துக்கு அடித்த கை. கயிற்றைப் பிடித்ததும் கைக்குத் தெரிந்ததை அடிக்கிறது. பள்ளியே அமைதி. ஒரு பிள்ளை ஓடவில்லை. எட்டு வகுப்பும் எழுந்து நின்று, கண்ணை மூடி, கை குவித்து, கட்டிடம் எரிந்துகொண்டிருக்கையில் கபிரியேல் தூதரும் மாதாவும் பேசியதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார்கள்; மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாட்டைவிடத் தடுக்கலில்லாமல் வருகிறது. மைதானத்தில் சிஸ்டர் தலை குனிந்து நிற்கிறார்கள். சாமியும், ஒரு கையில் ஓடுகிற கடிகாரமும் இன்னொரு கையில் சிலுவை அடையாளமுமாக. அமலோற்பவத்துக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. பதினெட்டு நாளாக வராத சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்தாள். இதை உடனே ஜைனம்பிடம் சொல்ல வேண்டும், சாப்பாட்டு நேரம் வரைக்கும் தாங்காது, என்று நினைத்த கையோடு ஞாபகம் வந்து முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். அப்போதுதான் யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், லூக்காஸ் அண்ணாச்சி பதறிப்போய், விட்ட குறைக்கும் சேர்த்து, நிற்காமல், மூச்சு விடாமல், மணிக்கூண்டே ஆட அடிக்க ஆரம்பித்தார்.

அந்த ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் மணி இப்படி அடித்தால் ஒரே அர்த்தம்தான். புயலுக்கு ஒருமுறை அடித்தது, ஐஸ் கம்பெனி எரிந்தபோது ஒருமுறை அடித்தது. அமலோற்பவத்துக்கு உள்ளங்கால் சுட்டது. சொல்லவில்லையே, ஒரு வீட்டுக்கும் சொல்லவில்லையே, சேசுவே, மரியாயே. கேட்டுக்கு அந்தப் பக்கம் முதலில் செருப்புச் சத்தம், அப்புறம் குடம் இடிபடும் சத்தம், அப்புறம் தெருவே. ஐஸ்கார முத்துப்பேச்சி, உப்பளத்துக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்த ஆண்கள், கைக்குழந்தைக்காரிகள், எல்லார் கையிலும் ஏதோ ஒன்று, வாளி, நனைத்த சாக்கு, ஒருத்தி பதற்றத்தில் இட்லிச் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள். எல்லாருக்கும் முன்னால், அடுக்கியிருந்த கல்லில் மோதி விழுந்து எழுந்து, கழுத்தில் இன்ச் டேப் தொங்க, ரெண்டு கையிலும் ரெண்டு குடத்தோடு ஜைனம்பு. "அமலி! ஏட்டி அமலி! கேட்டத் தொற!" சாவி முந்தானை முடிச்சில். இவ்வளவு நேரம் அவிழ்த்து அவிழ்த்து முடிந்த முடிச்சு இப்போது அவிழவில்லை. சிஸ்டர் சொல்லாமல் திறக்கக் கூடாது, வெளியாட்கள், ஒரே வாசல், பதிவேடு, ஐம்பது பேர் எப்போது கையெழுத்துப் போடுவது. "நெருப்பு இல்ல ஜைனம்பு, ஒத்திகை!" என்று கத்தினாள். மணிச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. "என்ன கையி?" "ஒத்திகை! பொய் நெருப்பு!" மணி அந்த நேரம் பார்த்து நின்றது; பொய் நெருப்பு என்பது மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் செபம் முடித்து வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள், ஒருத்தன்கூடப் பையைத் தொடவில்லை, அத்தனை பேரும் கேட்டைப் பார்த்தார்கள்.

ஜைனம்பு குடத்தை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கியது. "பொய் நெருப்பா?" "ஆமா." "பொய் நெருப்புக்கா நான் முட்டிய ஒடச்சேன்? முந்தியே சொன்னா என்னட்டி, நாக்குல சுளுக்கா?" அமலோற்பவம் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீதான் பேசலியே." "நான் பேசாட்டா நீ பேசக் கூடாதா, அதுக்கும் சட்டம் போட்ருக்கா?" தெருக்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அமலோற்பவம் கண் கலங்கிப் போய், கேட்க நினைத்ததை விட்டு வேறு எதையோ கேட்டாள்: "ஒம் பிள்ளைங்கதான் எல்லாம் படிச்சு முடிச்சுப் போயிட்டாங்களே, இங்க யாருட்டி இருக்கா ஒனக்கு, இப்படி விழுந்தடிச்சு வர?" ஜைனம்பு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ உள்ள இருக்கியேட்டி, கூறுகெட்டவளே. பதினெட்டு நாளுக்கும் சேத்து ஒன்னத் திட்டணும்னு வச்சிருக்கேன். நீ கரிஞ்சு போயிட்டா நான் யாரத் திட்ட?" அவளும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். போர்டு மாட்டிய நாளை அவளும் சேர்க்கவில்லை. பதினெட்டு. அமலோற்பவத்துக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அந்த எண் மட்டும் உள்ளே போய், இத்தனை நாள் பதில் தேடிக் கிடந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சூசைமாணிக்கம் சாமி பக்கத்தில் வந்து நிற்பதை அவள் பிறகுதான் பார்த்தாள். அவர் கையிலிருந்த கைபேசியில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "பிள்ளைகள் வெளிய வர அஞ்சு நிமிஷம் நாப்பது செகண்டு," என்றார். "செபத்தோட. தெரு வர ஒண்ணரை நிமிஷம். தீயணைப்பு வண்டியைக்கூட நான் இந்த வேகத்துல பாத்ததில்ல." சிஸ்டர் எமிலியானா முகம் சிவக்க, "தெருவுக்குச் சொல்லிட்டதா நினைச்சேன் சாமி," என்று அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். பத்து வருஷமாக இந்தப் பள்ளியில் அவள் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டதோடு சரி. ஆனால் நாக்கு இப்போது பேச்சுக்கு வாகாக இளகிக் கிடந்தது. "தப்பு எம்மேலதான் சிஸ்டர். நான் சொல்லல. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. ஆனா சாமி, ஒண்ணு கேக்கேன். சட்டம் நல்ல சட்டம், பிள்ளயத் தொலச்சுட்டு ஒரு மணி நேரம் ஓடுனவ நான், எனக்குத் தெரியும். பூட்டு கெடக்கட்டும், பதிவேடு கெடக்கட்டும். ஆனா இந்த எடத்துல சொவரு வச்சுட்டா, நெசமாவே பத்திக்கிட்டா இவங்க எது வழியா வருவாங்க? மீன் சந்தையச் சுத்தியா?" இப்படிப் பேசியது யார், அமலோற்பவமா. சாமி அடுக்கிய கல்லைப் பார்த்தார், இட்லிச் சட்டிக்காரியைப் பார்த்தார். "சட்டியில தண்ணி தளும்பாமக் கொண்டாந்திருக்காங்க," என்றார் சிஸ்டரிடம். அப்புறம் கையிலிருந்த கோப்பைப் பிரித்து, சுவர் என்று எழுதியிருந்த இடத்தை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் எழுதினார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பின்வாசல் இருக்கட்டும், அவசர வாசலாக. பள்ளி நேரத்தில் பூட்டு, நாலரைக்கு மேல் திறப்பு. சாவி ஒன்று பள்ளியில், ஒன்று தெருவில் நம்பிக்கையான ஒருவரிடம். பாதுகாப்புக் குழுவில் தெருவிலிருந்து ஒரு ஆள், போட்டோ ஒட்டிய அட்டையோடு. "யாரைப் போடலாம்?" என்று நிமிர்ந்தார். அமலோற்பவம் பேச வேண்டியிருக்கவில்லை. தெருவே முதல் வீட்டுக்காரியைப் பிடித்து முன்னால் தள்ளியது. ஜைனம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "போட்டோவா? இப்ப எடுக்க வேண்டாம் சாமி, மூஞ்சி வேர்த்துக் கெடக்கு," என்றாள்.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. எப்போது அவிழ்ந்தது என்று அமலோற்பவத்துக்கே தெரியவில்லை. பூட்டைத் திறந்தாள். சிஸ்டர் அலுவலகத்திலிருந்து பதிவேட்டையே பின்வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கையெழுத்து வாங்கினார்கள். வந்த காரணம் என்ற கட்டத்தில் முதல் வரியில் தீயணைக்க என்று ஜைனம்பு எழுத, அடுத்தவர்கள் எல்லாம் அதற்குக் கீழே அதே அதே என்று புள்ளி வைத்துக்கொண்டு போனார்கள். கொண்டுவந்த தண்ணீரைப் பிள்ளைகள் வேப்பமரத்துக்கு ஊற்றினார்கள். லூக்காஸ் அண்ணாச்சி மணிக்கூண்டை விட்டுக் கீழே இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். ஸ்கொலாஸ்டிகா மதினி அடுப்படியிலிருந்து ஓடிப்போய் ஜைனம்புக்கு முட்டியில் எண்ணெய் தடவினாள். தடவத் தடவ ஜைனம்பு பதினெட்டு நாள் திட்டையும் வரிசை பிசகாமல் திட்டினாள், அமலோற்பவம் ஒவ்வொன்றையும் பாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாளாம்.

ஜைனம்புக்கு முழங்கால் மட்டும் இன்னும் சரியாகவில்லை. மெஷின் மிதிக்கும்போது வலிக்கிறதாம். இன்றைக்குச் சாயங்காலம் செபமாலை சொல்வீர்கள்தானே, அந்த முழங்காலுக்கு ஒரே ஒரு அருள் நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.